பரவாயில்லை என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது

என் மனைவியுடன் கூடப் பிறந்த ஒரே தம்பியும், கிளினிக்குகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் அலுவலகத்தில் மேல்மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரும், வயதில் என்னைவிடப் பதினாறு சின்னவரானாலும் பதவியை உத்தேசித்து நான் 'வாங்க, போங்க' என்றே பேசிப் பழகியவருமான மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் அத்தான் எழுதிக்கொண்டது.

நீங்களும் உங்கள் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அடுத்த வரியில் 'நாங்களும் இங்கு சுகம்' என்று போடுவதுதான் முறை. கைப்பழக்கத்தில் நானும் போட்டுவிட்டேன், பிறகு அடித்துவிட்டேன். மேலே தெரிகிற மைக்கறை அதுதான், தப்பாக நினைக்க வேண்டாம். அக்காவை ஆஸ்பத்திரியில் வந்து பார்த்துவிட்டுப் போகும்போது என்னை வராந்தாவுக்குத் தனியாகக் கூப்பிட்டு, "கூடவே இருக்கீங்க, எப்படி அத்தான் இத்தனை நாளா உங்களுக்குத் தெரியாமப் போச்சு?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஐந்து வாரம் தூங்காமல் கிடந்து இப்போது பதில் எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், தப்பு எங்கள் தெருமுனை டாக்டருடையது. உங்கள் அலுவலகம் அவருக்குக் கொடுத்த சான்றைப் பிடுங்க வேண்டும், கிளினிக்கை இழுத்துப் பூட்ட வேண்டும், இந்தக் கடிதத்தையே அதற்கான மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும். இதில் ஒரே ஒரு சங்கடம். அந்தச் சான்றை அவருக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். முப்பத்தொரு வருஷம் பாட்டில் மூடித் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆயிரத்துக்கு ஒரு மூடியை எடுத்து விளிம்பு, உயரம், உள்வளையம் எல்லாம் அளந்து பார்த்து நான் கையெழுத்துப் போடாமல் ஒரு பெட்டி வெளியே போனதில்லை. உங்கள் அக்கா மட்டும் யார் கேட்டாலும், "அவர் முப்பது வருஷமா மூடித்தான் பார்த்தார்" என்பாள். மூடியைப் பார்த்தாரா, கண்ணை மூடிப் பார்த்தாரா என்பதைக் கேட்கிறவர்களே முடிவு செய்துகொள்ள வேண்டியது. அப்படிப்பட்ட நான் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தபோது உங்கள் அலுவலகத்திலிருந்து அந்தக் கிளினிக்குக்கு ஒரு கடிதம் வந்தது. மூன்று மாதத்தில் பரிசோதனைக்கு ஆட்கள் வருவார்கள், மொத்தம் நாற்பத்திரண்டு தரக் குறிப்புகள், அதில் குறைந்தது முப்பத்தைந்து தேறாவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்று. டாக்டர் அதைப் படித்துவிட்டு, காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியால் சுவரில் ஒட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாராம். இந்த வட்டாரத்துக்கே அவர் ஒருவர்தான் டாக்டர். கைராசிக்காரர் என்று பெயர். நாற்பத்திரண்டு குறிப்பையும் நான் வரிவரியாகப் படித்தேன், கைராசி என்று ஒன்று எங்கேயும் இல்லை. இந்த மனுஷன் தேற மாட்டார் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாளே போய் வரிசையில் உட்கார்ந்து என் முறை வந்ததும் உள்ளே போனேன். "என்ன தொந்தரவு?" என்று நாக்கை நீட்டச் சொன்னார். "தொந்தரவு எனக்கில்லை டாக்டர், உங்களுக்கு" என்று சுவரில் இருந்த கடிதத்தைக் காட்டினேன். நான் தரம் பார்த்த ஆள், சும்மா உட்கார்ந்திருக்கிறேன், உங்கள் கிளினிக்கை மூன்று மாதத்தில் நிமிர்த்திக் காட்டுகிறேன் என்றேன். அவர் என்னையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, நர்சம்மாவைக் கேட்டுக்கிட்டு என்ன வேணும்னாலும் பண்ணுங்க சார். என்னை மட்டும் விட்டுடுங்க" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதற்கு உங்கள் அக்கா, "அவரா கூப்பிட்டார்?" என்று கேட்டாள். நானாகத்தான் போனேன் என்றேன். "அதானே" என்றாள். ஓடுகிற ஓணானைப் பிடித்துச் சட்டைக்குள் விட்டுக்கொண்ட கதை அன்றைக்கு இப்படித்தான் ஆரம்பித்தது.

முதலில் எடை பார்க்கும் இயந்திரத்தைத்தான் கையில் எடுத்தேன். அது எல்லாருக்கும் மூன்று கிலோ கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தது, இருபது வருஷமாக. நர்சம்மாவைக் கேட்டால், "அது தெரியும் சார், டாக்டர் மனசுலேயே மூணு கழிச்சுக்குவார்" என்கிறாள். மனசில் கழிப்பதற்கு எந்தக் கட்டமும் இல்லை என்று சொல்லி நானே திருகாணியைக் கழற்றிச் சரிசெய்தேன். அந்த வாரம் வந்த அத்தனை பேரும் மூன்று கிலோ இளைத்திருந்தார்கள். தெருவில் பேச்சுக் கிளம்பிவிட்டது. தையல்காரர் தனக்குச் சர்க்கரை வந்துவிட்டது என்று வீட்டைத் தன் மகள் பேருக்கு எழுதி வைக்கக் கிளம்பிவிட்டார். பேருந்து நடத்துநர் மட்டும், டாக்டர் கொடுத்த மாத்திரையில் தொப்பை கரைந்துவிட்டது என்று நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இது போதாதென்று டாக்டர் பழக்கதோஷத்தில் சரியான எடையிலிருந்தும் மூன்று கழித்துக்கொண்டிருந்தது ஒன்பதாவது நாள்தான் தெரிய வந்தது. நல்லது செய்யப் போனால் இப்படித்தான்.

அடுத்தது அந்தரங்கம். பதினேழாவது குறிப்பு. நோயாளியின் நோய் நாலு பேர் காதில் விழக் கூடாது. எங்கள் நர்சம்மாவோ கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "மூலம் யாருங்க? உள்ள போங்க. சொறி, நீங்க அடுத்து" என்று கூப்பிடுகிற ரகம். அதை நிறுத்தி எண் கொடுத்தேன். என்னிடம் பழைய பாட்டில் மூடிகள் இரண்டு டப்பா இருந்தன, அவற்றில் வண்ணத்தால் எண் எழுதி ஆளுக்கொன்று கொடுத்தேன். அவசரக்காரர் ஒருவரும் அவசரமில்லாதவர் ஒருவரும் தங்களுக்குள் மூடியை மாற்றிக்கொண்டுவிட்டார்கள். மூலக்காரருடைய மூடியோடு உள்ளே போன, காது வலிக்கு வந்த லாரி ஓட்டுநரை டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே குப்புறப் படுக்கச் சொல்ல, அவரும் பெரிய இடத்து வைத்தியம் இப்படித்தான் போலிருக்கிறது என்று படுத்துவிட்டார். அவர் கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டது. அதில் அந்தரங்கம் எங்கே மிஞ்சும்? இருந்தாலும் நான் விடவில்லை. 'நோயாளி சொன்னதை, குடும்பத்தார் உட்பட எவரிடமும், நோயாளியின் சம்மதமின்றி வெளியிடக் கூடாது' என்று என் கையாலேயே பலகையில் எழுதி டாக்டர் நாற்காலிக்கு எதிரே, அவர் நிமிர்ந்தால் கண்ணில் படுகிற மாதிரி மாட்டினேன். எழுத்து நன்றாக இருக்கிறது என்று உங்கள் ஆட்களே பாராட்டினார்கள்.

காத்திருக்கும் நேரம் பதினைந்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இருபத்திரண்டாவது குறிப்பு. இங்கே இரண்டு மணி நேரம். டாக்டர் ஒவ்வொருவரிடமும் பேசுகிறார், பேசினால் பேசிக்கொண்டே இருக்கிறார், மருமகள் எப்படி, மாடியில் ஒழுகினதே நின்றதா என்று. நான் ஒரு கடிகாரத்தை மேஜையில் வைத்துப் பார்த்தேன், அதை அவர் நாடி பிடிக்க உபயோகித்துக்கொண்டார். கடைசியில் வேறு வழி பண்ணினேன். பெஞ்சுகளை எடுத்துத் தெருவில் போட்டேன். வாசற்படிக்கு வெளியே இருப்பது 'வருகை', உள்ளே கால் வைத்த பிறகுதான் 'காத்திருத்தல்' என்று பதிவேட்டின் முதல் பக்கத்தில் விளக்கம் எழுதினேன். சராசரி நாலு நிமிடமாகக் குறைந்தது. நானே அசந்துபோனேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அப்படி இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து உங்கள் அக்காவிடம் நாலு நிமிடம், நாலு நிமிடம் என்று நாற்பது நிமிடம் சொன்னேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டாள். கால் வீங்கியிருந்தது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்தொன்றாவது குறிப்பு, சிகிச்சையின் பலன். ஒரு நோயாளி திரும்ப வரும்போதோ, வராவிட்டால் போன் பண்ணியோ, எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பதிய வேண்டும். உங்கள் அலுவலகம் அனுப்பிய படிவத்தில் மூன்றே கட்டங்கள். குணம், முன்னேற்றம், முன்னேற்றம் இல்லை. இதை அச்சடித்தவர் யாராக இருந்தாலும் அவர் தன் வாழ்நாளில் ஒரு நோயாளியிடமும் பேசினவரில்லை. ஏனென்றால் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். பரவாயில்லை. தையல்காரரைக் கேட்டால் பரவாயில்லை, ஆளை விடு என்று அர்த்தம். வாத்தியார் வீட்டம்மாவைக் கேட்டால் பரவாயில்லை, நேற்றைக்கு இன்றைக்கு மேல் என்று அர்த்தம். நடத்துநரைக் கேட்டால் பரவாயில்லை, நல்லாவே இல்லை, ஆனால் உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அர்த்தம். ஒரு முழுப் பக்கமும் பரவாயில்லை என்று எழுதிவிட்டு நானும் நர்சம்மாவும் டாக்டர் முன்னால் போய் நின்றோம். இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டேன்.

"யார் சொன்னாங்கன்னு பார்க்கணும். சொல்லும்போது மூஞ்சி எப்படி இருந்ததுன்னு பார்க்கணும்" என்றார் டாக்டர்.

"மூஞ்சிக்குக் கட்டம் இல்லை டாக்டர்."

"அப்ப நாலாவதா ஒரு கட்டம் போடுங்க."

"போட்டா படிவம் செல்லாது."

"அப்ப போடாதீங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அவரால் முடியாததை நான் முடித்து வைத்தேன். பரவாயில்லை என்பது மோசம் இல்லை, மோசம் இல்லை என்பது முன்னேற்றம் என்று தீர்மானித்து, எல்லாப் பரவாயில்லையையும் இரண்டாவது கட்டத்தில் தள்ளினேன். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பேர் முன்னேறியிருந்தார்கள். இதில் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நீண்ட நாள் படுக்கையில் இருந்த பெரியவர் ஒருவர் வீட்டுக்குப் போன் பண்ணி நர்சம்மா கேட்டிருக்கிறாள். மருமகள் எடுத்து, "இனிமே பரவாயில்லைங்க" என்றிருக்கிறாள். நர்சம்மா எழுதிவிட்டாள், நானும் கட்டத்தில் போட்டுவிட்டேன். அதற்கு முந்தின நாள்தான் அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். தெரிந்த பிறகும் நான் அதை அடிக்கவில்லை. அடித்தல் திருத்தல் இருந்தால் மதிப்பெண் குறையும் என்று உங்கள் கடிதத்தில் இருந்தது.

அக்கா ஊர் என்பதால் நீங்கள் வராமல் வேறு இருவரை அனுப்பினீர்கள். வந்தவர்கள் பதிவேட்டைப் பார்த்தார்கள், பலகையைப் பார்த்தார்கள், எடை இயந்திரத்தில் ஏறி நின்று பார்த்தார்கள். டாக்டரைப் பார்க்கவில்லை, அவர் வேலையாக இருந்தார். நாற்பத்திரண்டில் நாற்பத்தொன்று தேறி, 'முன்மாதிரி நிலையம்' என்று சட்டம் போட்ட சான்றிதழ் வந்தது. டாக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு சார். இப்பப் பெஞ்சை உள்ள போட்டுடலாமா, வெயில்ல காயறாங்க" என்றார். ஒரு நன்றி இல்லை. அந்த மனுஷனுக்குத் தரம் என்றால் என்ன என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை.

சான்றிதழ் வந்த எட்டாம் நாள் உங்கள் அக்கா துணி உலர்த்தப் போனவள் கொடிக்கடியில் விழுந்து கிடந்தாள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டன, வாரத்துக்கு இரண்டு நாள் இயந்திரத்தில் படுத்து ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், இது நேற்று இன்று வந்ததில்லை, மாதக்கணக்காக இருந்திருக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நீங்களும் இருந்தீர்கள். நான் நேரே கிளினிக்குக்குப் போய் அவள் ஃபைலை எடுத்தேன். நானே வாங்கி அடுக்கிய நீல அட்டை ஃபைல். பதினோரு வியாழக்கிழமை போயிருக்கிறாள். பதினோரு வரி இருந்தது. கால் வீக்கம். கால் வீக்கம். கால் வீக்கம், அசதி. எதிரே என் பதிவேட்டில் பதினோரு முன்னேற்றம். ஒரு ரத்தப் பரிசோதனை இல்லை, ஒரு பெரிய டாக்டருக்குச் சீட்டு இல்லை, ஒரு வார்த்தை இல்லை. காத்திருந்த ஆட்களையெல்லாம் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"பதினோரு தடவை வந்தாளே டாக்டர், ஒரு தடவையாவது என்ன ஏதுன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் சுவரைப் பார்த்தார். "அதை உங்க வீட்டம்மாகிட்டக் கேளுங்க சார்" என்றார்.

"ஃபைல்ல ஏன் எழுதலை?"

"நீங்க பார்க்கிற ஃபைல்ல எழுதலை."

பாருங்கள் பேச்சை. நான் பார்க்கிற ஃபைலாம். நான் பார்க்காத ஃபைல் ஒன்று அந்தக் கிளினிக்கில் இருக்க முடியுமா? ஒவ்வொரு அட்டைக்கும் எண் ஒட்டினவன் நான். குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் நிமிர்ந்து பார்க்க முடியாமல் சுவரில் பல்லி தேடிக்கொண்டிருந்தார். கையை ஓங்கிவிட்டேன், நர்சம்மாதான் நடுவில் வந்தாள். அவளும் என்னை ஏதோ பாவப்பட்ட ஜென்மத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். வீட்டுக்கு வந்து உங்கள் அக்காவைக் கேட்டேன். "அவர் மேல தப்பில்லைங்க, விட்டுடுங்க" என்றாள். உங்கள் அக்கா சுபாவம் உங்களுக்குத் தெரியாததா? பாம்பு கடித்தாலும் பாம்புக்குப் பல் வலித்திருக்குமோ என்று கேட்கிறவள். அவள் சொல்வதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஒன்றை எழுதாமல் விட்டால் நான் தரம் பார்த்தவன் இல்லை. அந்தப் பதினோரு முன்னேற்றத்தையும் கட்டத்தில் போட்டது நான். கிளினிக்கில் இல்லை, வீட்டில். அவள் தினமும் கண்ணெதிரே இருக்கிறாளே, போன் எதற்கு என்று பதிவேட்டை வீட்டுக்கே கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றிவிட்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்பேன். அவள் முதலில் பேனாவைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள், பிறகு சொல்வாள். "பரவாயில்லை. எழுதிக்குங்க." நானும் எழுதிக்கொள்வேன். டாக்டர் சொன்னாரே, சொல்லும்போது மூஞ்சியைப் பார்க்கணும் என்று. நான் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் மைத்துனரே. நாற்பது வருஷமாக என்னோடு இருக்கிறவள். புருஷன் கேட்கிற மாதிரி ஒரு நாள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. இதை நான் நினைப்பதில்லை. நினைக்காமல் இருப்பதற்கு டாக்டர் ஒருவர் இருக்கிறார், நான் வெறும் கணக்கெழுதினவன், படித்தவர் அவர், கண்டுபிடிக்க வேண்டியது அவர்.

ஆகவே என் மனு. அந்தச் சான்று செல்லாது என்று அறிவிக்க வேண்டும். காத்திருக்கும் நேரம் பொய், சிகிச்சையின் பலன் பொய், பதிவேடு முழுவதும் பொய் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். எடை இயந்திரம் மட்டும் உண்மையிலேயே சரியாக இருக்கிறது, அதை நான் மறுக்க முடியாது. கிளினிக்கை மூடிவிட்டால் இந்தத் தெருக்காரர்கள் எங்கே போவார்கள் என்று உங்கள் அக்கா கேட்கிறாள். எங்கேயாவது போகட்டும். எனக்கு என் வீடு போகிறது. இப்போது இங்கே தண்ணீர்கூட அளவுதான், ஒரு நாளைக்கு இவ்வளவு என்று குறிக்கப்பட்ட டம்ளரில் நான்தான் ஊற்றிக் கொடுக்கிறேன். நேற்று இன்னும் ஒரு வாய் கேட்டாள், கொடுக்கவில்லை. அளவு அளவுதானே. அவள் டம்ளரைத் திருப்பி என் கையில் கொடுத்தாள். அந்த டாக்டரை நான் சும்மா விடமாட்டேன்.

உங்கள் வீட்டம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். பசித்துச் சாப்பிட்டு, படுத்தவுடன் தூங்கி, மருந்துச் சீட்டு இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். வீட்டில் யாராவது பரவாயில்லை என்று சொன்னால் இன்னொரு தடவை கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்,
தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு (ஓய்வு).

பி.கு. தம்பி, இது அக்கா எழுதறேன். கவரை ஒட்டி வைன்னு என்கிட்டக் கொடுத்துட்டு உங்க அத்தான் தபால்தலை வாங்கப் போயிருக்கார். அங்க வரிசையில நிக்கிறவங்களை ஒழுங்குபடுத்தாம வரமாட்டார், அதனால எனக்குக் கொஞ்சம் நேரம் இருக்கு. எல்லாத்தையும் படிச்சேன். லாரிக்காரர் வரைக்கும் சிரிச்சேன், அப்புறம் முடியலை. அவர் எழுதினது அத்தனையும் நடந்ததுதான், ஆனா டாக்டர் மேல போட்ட பழி ஒண்ணுகூட உண்மை இல்லை. ரெண்டாவது வாரமே ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு, "அம்மா, ரெண்டு கிட்னியும் போயிட்டு இருக்கு, வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க"ன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னார். உங்க அத்தான்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன். டாக்டர் முடியாதுன்னார். உங்க அத்தான் எழுதி மாட்டின பலகையைக் கையை நீட்டிக் காட்டினேன், மனுஷன் வாயை மூடிக்கிட்டார். என் ரிப்போர்ட் எல்லாம் வேற ஒரு ஃபைல்ல போட்டுத் தன் மேஜைக்குள்ள பூட்டி வெச்சிருக்கார். நர்சம்மாவோட நாலு தடவை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேன், தையல் கடைக்குன்னு சொல்லிட்டுத்தான். மெஷின்ல படுங்கம்மா, நாள் கடத்தாதீங்கன்னு வாராவாரம் டாக்டர்கிட்டத் திட்டு வாங்கினேன். ஏன் மறைச்சேன்னு கேப்பே. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வருஷம் அவர் தினமும் காலையில சட்டையை மாட்டிக்கிட்டு, எங்கேயும் போக இடமில்லாம ஜன்னலண்டை நின்னார் தம்பி. அந்த மூணு மாசம்தான் பாட்டை முணுமுணுத்துக்கிட்டு ஷேவ் பண்ணினார். அந்தச் சான்று வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். உடம்பு முந்திக்கிச்சு. புத்தி கெட்ட வேலைதான், ஒத்துக்கறேன். உண்மையைச் சொல்லிடட்டுமான்னு டாக்டர் போன வாரம்கூடக் கேட்டார், வேண்டாம்னுட்டேன். நான் மறைச்சேன்னு தெரிஞ்சா இவர் என் மேல கோபப்பட மாட்டார், தன் மேலதான் படுவார், இந்த வயசுல அதை இவரால தாங்க முடியாது. கோபப்பட வெளியில ஒரு ஆள் வேணும். "என்னையே திட்டட்டும்மா, எனக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு டாக்டர் சொல்லிட்டார். அதனால அந்தச் சான்றுல நீ கை வைக்காதே, தெருவே அவரை நம்பி இருக்கு. மனு கிடைச்சது, விசாரணையில இருக்குன்னு இவருக்கு ஒரு கடிதாசு போடு, ஆபீஸ் முத்திரையோட. அடுத்த மாசம் கூடுதல் விவரம் கேளு, அதுக்கடுத்த மாசம் மூணு பிரதி கேளு, உக்காந்து ஒழுங்கா எழுதுவார். கேட் சத்தம் கேக்குது, வந்துட்டார். நான் இருக்கற வரைக்கும் இந்த விசாரணையை முடிச்சுடாதே.